டியூப் பிளேட்டில் ஒரு சந்தனப் பொட்டு

டி.வி.யில் 'அணுமின் நிலையம்' என்று யாராவது சொன்னால் நான் உடனே சத்தத்தைக் குறைத்துவிடுவேன். என் வீட்டுக்காரிக்கு இது பழகிவிட்டது. "சத்தத்தைக் குறைச்சா அங்க சூடு குறைஞ்சுடுமாக்கும்" என்பாள். குறையாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் என்ன செய்தி வருமோ என்று ரிமோட்டைக் கீழே வைக்க மாட்டேன். பாலக்கரை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, கேஸை மூடினோமா என்று வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் கையில் அணு உலைக்கான வேலை வந்து சேர்ந்தது யாருடைய கெட்ட நேரமோ.

வெல்டர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி, இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகள் போன் செய்தார்கள். அவர்களுக்கு இன்று எல்லாம் மெஷின். குழாயின் வாயில் மாட்டிவிட்டு பட்டனைத் தட்டினால் அதுவே சுற்றி வந்து ஒட்டிவிடுகிறது. "அண்ணே, நீங்க கையாலயே பண்ணீங்களாமே? பயமா இருக்காதா?" என்று ஒரு பையன் கேட்டான். எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். பயம் என்றால் எனக்கு என் ஞாபகம் வருவதில்லை. மாணிக்கம் அண்ணன் ஞாபகம்தான் வருகிறது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மருங்காபுரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். கடலை தொடர்ந்து பொய்த்ததில் எட்டாம் வகுப்போடு நின்றேன். பாலக்கரையில் மாமா வைத்திருந்த கிரில் பட்டறைக்கு வந்து, கேட்டும் ஜன்னலும் ஒட்டிப் பழகினேன். பிறகு துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார் பட்டறையில் ஹெல்பர், அப்புறம் வெல்டர், அப்புறம் ஆர்கான் வாயு வைத்து ஒட்டுகிற வெல்டர். பட்டறையின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் நூறு குடும்பம் சாப்பிடுகிறது.

அந்தப் பட்டறைக்குத்தான் ஒரு ஸ்டீம் ஜெனரேட்டர் செய்கிற ஆர்டர் வந்தது. அது என்ன என்று தெரிந்தால்தான் நான் சொல்லப்போவது விளங்கும். அணு உலையில் பிறக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு ஒரு தண்ணீர் வெளியே வரும். உலைக்குள் போய் வந்த தண்ணீர் என்பதால் அதை ஆவியாக்கி வெளியே விடக்கூடாது. ஆகவே மெல்லிய குழாய்களுக்குள் அதை ஓடவிட்டு, குழாய்களுக்கு வெளியே வேறு தண்ணீரை நிரப்புவார்கள். சூடு மட்டும் குழாய்ச் சுவரைத் தாண்டி வரும். இந்தப் பக்கத்துத் தண்ணீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவிதான் கரண்டுக்குப் போகும். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தகடு, அவ்வளவுதான்.

கொண்டை ஊசி மாதிரி வளைத்த அந்தக் குழாய்கள் ஆயிரக்கணக்கில் ஒரு பெரிய உருளைக்குள் படுத்திருக்கும். எல்லா முனைகளும் வந்து முடிகிற இடத்தில் தடித்த இரும்புத் தட்டு ஒன்று, சல்லடை போல ஓட்டைகளோடு நிற்கும். டியூப் பிளேட் என்போம். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குழாயின் வாய். அந்த வாயைச் சுற்றித் தட்டோடு சேர்த்து ஒட்ட வேண்டும். சுண்டுவிரல் மோதிரம் அளவுக்கு ஒரு வெல்டிங். முடித்தால் அடுத்த வாய்.

இந்த வேலைக்கென்று பட்டறைக்குள்ளேயே கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வைத்து ஒரு தனி அறை கட்டினார்கள். க்ளீன் ரூம். அதன் பொறுப்பு வைதேகி மேடத்திடம். தரம் பார்க்கிற இன்ஜினியர், ஸ்ரீரங்கத்துக்காரர், என்னைவிட வயதில் சிறியவர். தினமும் ஸ்கூட்டரில் நெற்றியில் சிவப்பாக ஒரு ஸ்ரீசூர்ணக் கோட்டோடு வருவார். அறை வாசலில் நின்று, பஞ்சை நனைத்து அந்தக் கோட்டைத் துடைப்பார். பஞ்சில் சிவப்பு வராத வரைக்கும் துடைத்துவிட்டு, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். சாயங்காலம் வெளியே வந்ததும் முதல் வேலை, கைக்கண்ணாடியைப் பார்த்து அந்தக் கோட்டைத் திரும்ப இட்டுக்கொள்வது.

நாங்களும் விபூதி, குங்குமம், கையில் கட்டின கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வெள்ளை அங்கி, தொப்பி, வாய்மூடி, க்ளௌஸ், உள்ளே மட்டும் போடுகிற ஷூ. "ஸ்ரீரங்கத்து மடியை அந்தம்மா துவாக்குடிக்குக் கொண்டாந்துட்டாங்க. பெருமாள் ஒருத்தர்தான் பாக்கி" என்று மாணிக்கம் அண்ணன் கேலி பேசுவார். மேடம் காதில் விழுந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஏதாவது தப்பு என்றால் வேலை செய்கிறவன் பக்கத்தில் வந்து பேசாமல் நிற்பார். அவனே கையை எடுத்துவிடுவான்.

மாணிக்கம் அண்ணன்தான் எங்களுக்கு சார்ஜ்மேன், அந்த வேலைக்குத் தலை. அவர் ஒட்டினால் மோதிரம் வெள்ளி போல இருக்கும். நான் அவருக்கு ஜோடி. முதலில் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் குழாய் வாயைத் துடைப்பேன். துணியில் நிழல் போல ஏதாவது படிந்தாலும் வேறு துணி எடுத்துத் துடைப்பேன். பிறகு அவர் ஆர்கானைத் திறந்து, மூச்சைப் பிடித்து, ஒரே சுற்றில் முடிப்பார். ஆறியதும் நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். ஒருமுறை பார்த்தால் எனக்குத் திருப்தி வராது. "எத்தனை தடவடா பார்ப்ப, பயந்தாங்கொள்ளி? அது என்ன பொண்ணா, பார்த்துட்டுப் போயி வீட்டுல சொல்றேன்னு சொல்ல?" என்பார். அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கிரேனில் டன் கணக்கில் தொங்குகிற சாமானுக்குக் கீழே நின்று பீடி பற்ற வைத்தவர்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. வாழைக்கன்று கட்டி, மெஷின் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, பூசணிக்காய் உடைப்போம். க்ளீன் ரூமுக்குள் மட்டும் எதுவும் கூடாது என்று மேடம் முன்னமே சொல்லிவிட்டார். பூஜை எல்லாம் வெளியிலேயே நடந்தது. சாவி மாணிக்கம் அண்ணனிடம் இருந்தது.

லீவு முடிந்து அறையைத் திறந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். டியூப் பிளேட் சுவர் போல நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சி விளிம்பில், ஓட்டை இல்லாத ஓரத்தில், ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். காய்ந்து, பாதி உதிர்ந்திருந்தது. உதிர்ந்த தூள் கீழே இருந்த குழாய் வாய்களின் மேல் செம்பொடியாகப் படிந்திருந்தது. மேடத்தைக் கூப்பிட ஓடினேன்.

மேடம் வந்து பார்த்தார். வழக்கம் போல ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு, "யாரு?" என்றார்.

"நான்தான் மேடம்" என்றார் மாணிக்கம் அண்ணன், கொஞ்சம்கூடத் தயங்காமல். "க்ளௌஸ் போட்டுக்கிட்டுத்தான் வெச்சேன். அங்கி, தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் உள்ள வந்தேன்."

"வெளியில வெச்சது போறாதா?"

"வெளியில இருக்கிறதெல்லாம் சும்மா மிஷினு. சோறு போடுறது இதுதான். நாமதான் உள்ள வர்றப்ப அழிச்சிக்கிறோம். இதுக்காவது ஒரு பொட்டு இருக்கட்டுமேன்னு வெச்சேன். இத்துனூண்டு பொட்டு மேடம். அதுல என்ன ஆயிடப் போவுது?"

மேடம் எங்கள் இருவரையும் வெளியே அழைத்துவந்து, ஷூ மாற்றுகிற பெஞ்சில் உட்கார வைத்தார். தானும் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் அண்ணன் தப்பித்திருப்பார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் திட்டவில்லை. விளக்கிச் சொன்னார்.

"சூடு எங்கேர்ந்து வரதுன்னு தெரியுமோ மாணிக்கம்?"

"அணுவை உடைப்பாங்கன்னு சொல்லுவாங்க."

"உடைச்சா ஏன் சூடு வரணும்? தேங்காய் உடைச்சா வரதா?" என்றார். "வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து நெரிசலோட ஸ்ரீரங்கம் வர பஸ்ஸை நினைச்சுக்கோங்கோ. யுரேனியத்தோட அணு அந்த மாதிரி. நடுவுல இருக்கற கருவுல தொண்ணூத்திரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காம தள்ளிண்டே நிக்கறா. அதுக்கு மேல நூத்துக்கும் அதிகமா சாதுக்கள், அவா யாரையும் தள்ள மாட்டா. இவா எல்லாரையும் சேர்த்து வெச்சிருக்கறது ஒரு பிடி. அந்தப் பிடிக்குக் கை குட்டை. பக்கத்துல நிக்கறவனைத்தான் பிடிக்கும். தள்ளற தள்ளு மட்டும் இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரை எட்டும்."

"அப்ப எப்ப வேணும்னாலும் பிச்சுக்கும்" என்றேன் நான். எனக்கு எப்போதும் அந்தப் புத்திதான்.

"தானாப் பிச்சுக்கறது அபூர்வம். வெளியிலேர்ந்து இன்னொரு சாது உள்ள நுழையணும். நியூட்ரான்னு பேர். தள்ளாதவன்கறதால யாரும் தடுக்க மாட்டா. அவன் ஏறினதும் பஸ்ஸே ஆடறது. ஆடி, நீண்டு, நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கும். ஒடுங்கினா இந்தப் பக்கத்துக்காரன் கை அந்தப் பக்கத்துக்கு எட்டாது. பிடி போயிடும், தள்ளு மட்டும் நிக்கும். ரெண்டு துண்டாப் பிஞ்சு, பயங்கர வேகத்துல ஓடும். பக்கத்துல இருக்கற உலோகத்துல மோதி நிக்கும். அந்த மோதல்தான் சூடு. பிய்யறப்போ ரெண்டு மூணு சாதுக்கள் வெளியில தெறிக்கறா. அவா போய் அடுத்த அணுவுல ஏறறா. அப்படியே தொடர்ந்து போறது. துண்டையெல்லாம் கூட்டி எடை போட்டா, முன்னால இருந்ததைவிடத் துளி குறையும். குறைஞ்ச எடைதான் சூடாப் போனது."

"நகைக் கடையில சேதாரம்னு கழிக்கிற மாதிரி" என்றார் அண்ணன். மேடமும் அண்ணனும் சிரித்துவிட்டார்கள். அண்ணன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

"சரி மேடம், சூடு வேணாம்னா நிறுத்திப்புடலாம்ல?"

"பிளக்கறதை நிறுத்தலாம். அந்த சாதுக்களை விழுங்கற தண்டு இருக்கு. இறக்கினா உடனே நின்னுடும். ஆனா பிஞ்ச துண்டுகள் இருக்கே, அதுகளுக்கு அமைதி கிடையாது. தானாச் சூடு விட்டுண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் தணியும், நாள் கணக்கா, மாசக் கணக்கா. அத்தனை நாளும் அந்தச் சூட்டைத் தண்ணி எடுத்துண்டு போகணும். அந்தத் தண்ணி ஓடற வழிதான் நாம ஒட்டற குழாய்."

அண்ணன் முகத்தில் ஏதோ மாறியது. மேடம் அதைக் கவனித்தாரா தெரியாது. அவர் பொட்டுக்கு வந்தார். சந்தனம் குழைத்தது பட்டறை போர்வெல் தண்ணீரில். அந்தத் தண்ணீரில் டீ போட்டாலே கரிக்கும். உப்பு, சூடு, உலோகத்துக்குள் இருக்கிற இழுவை மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், அந்த மாதிரிக் குழாயில் தலைமுடி போல விரிசல் ஓடும். உடனே ஓடாது. வருஷங்கள் கழித்து, யாரும் பார்க்காத இடத்தில் ஓடும். கடைசியாக இன்னொன்றும் சொன்னார்: "ஒரு குழாய் கசிஞ்சா ஊர் அழிஞ்சுடாது மாணிக்கம். கசிவைக் கண்டுபிடிக்க வழி இருக்கு. நிறுத்துவா, அடைப்பா." அதை நான் கேட்டேன். இன்றைக்கும் கேஸ் அடுப்புக்குத் திரும்பி நடக்கிறபோது மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் அதைக் கேட்கவில்லை. அவர் தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் நினைத்திருந்தால் துடைத்துவிட்டு வேலையைத் தொடரச் சொல்லியிருக்கலாம். எங்கள் மூன்று பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவர் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். அவர் வந்து பார்த்தார். இந்த வேலை முடிகிற வரைக்கும் மாணிக்கம் அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணனை வெளியே, இரும்பு வெட்டுகிற கட்டிங் யார்டுக்கு மாற்றினார்கள். அவர் இடத்தில் என்னை நிற்க வைத்தார்கள்.

சுத்த நீரால் கழுவினோம். வடிதாளை நனைத்து ஒவ்வொரு வாயிலும் ஒட்டி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பினோம். உப்பு இருக்கிறது என்று வந்தால் மறுபடியும் கழுவல், மறுபடியும் தாள். பெரும்பாலானவை தேறின. சில தேறவில்லை. குழாய்க்கும் ஓட்டைக்கும் நடுவில் முடியளவு சந்து இருக்கும். ஒட்டாத வாய்களில் தூள் அந்தச் சந்துக்குள் இறங்கியிருந்தது. வளைந்த குழாயை அந்த நிலையில் வெளியே இழுக்க முடியாது. இழுத்தால் பக்கத்துக் குழாய்களும் கீறிப்போகும். அவற்றின் இரண்டு முனையையும் அடைத்துவிடுவது என்று முடிவானது.

அடைப்பது என் வேலை. லேத்தில் கடைந்த சிறு உலோகக் குமிழை வாயில் செருகி, சுற்றி ஒட்ட வேண்டும். சாதாரண வெல்டிங்கைவிடச் சுலபம்தான். ஆனால் மற்ற வாய்களை ஒட்டும்போது உள்ளே இருட்டாக ஒரு வழி தெரியும், அதன் வழியாக ஏதோ ஓடப்போகிறது என்று இருக்கும். குமிழை வைத்ததும் அது குருட்டுக் கண் போல ஆகிவிட்டது. ஒவ்வொன்றையும் ஒட்டி முடித்து, அடைத்ததையும் விடாமல் லென்ஸ் வைத்து இரண்டு தடவை பார்த்தேன். மேடம் பக்கத்திலேயே நின்றார்.

"மத்ததெல்லாம் சுத்தமாயிடுச்சா மேடம்?" என்று கேட்டேன்.

"டெஸ்ட்ல இல்லைன்னு வந்திருக்கு, ராசு."

"அப்படின்னா இல்லையா?"

கையிலிருந்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். "டெஸ்ட்ல இல்லை. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார்.

அன்றைக்கு யார்டில் அண்ணனும் அதையேதான் கேட்டார். "எத்தனை அடைச்சே?" என்றார். சொன்னேன். "மத்தது?" என்றார். டெஸ்டில் இல்லை என்றேன். "நீ பார்த்தியா? எத்தனை தடவ பார்த்தே?" என்றார். என்னைக் கேலி செய்த அதே கேள்வி.

உருளை முடிந்து டிரெய்லரில் ஏறிய நாள் பெரிய விழா. வாடிக்கையாளர் பக்கமிருந்து பெரிய அதிகாரிகள் வந்தார்கள். மாலை போட்டார்கள். உருளையின் வெளிச்சுவரில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, குங்குமம் வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பூசணிக்காய் உடைந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வெளிச்சுவர் வேறு இரும்பு, மேலே கெட்டியான பெயிண்ட். அதில் எதை வைத்தாலும் ஒன்றும் ஆகாது. எனக்கு அது தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் கூட்டத்துக்குப் பின்னால் அவர் நின்ற நிற்பைப் பார்த்து, பக்கத்தில் போய் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன்.

"அவங்க வெச்சா பூஜை, நான் வெச்சா கறை. அப்படித்தானே தம்பி?" என்றார் அவரே.

"அது வெளியில, அண்ணே."

"தெரியும்டா. எல்லாம்தான் தெரிஞ்சு போச்சே."

அடுத்த உருளைக்கும் ஆர்டர் வந்தது. மேடம் அண்ணனுக்காக அலைந்தார். அவரைப் போல ஒட்டுகிற கை இந்த மாவட்டத்தில் இல்லை என்று இன்ஸ்பெக்டரிடம் வாதாடினார். திரும்ப ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார். யார்டிலேயே சின்னத் தட்டு ஒன்றில் குழாய்கள் செருகி வைத்தார்கள். அண்ணன் ஒட்டினார். வெட்டிப் பார்த்தார்கள், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறை இல்லை. அவர் மனைவி எங்கள் வீட்டுக்கே வந்து என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போனார். "திங்கக்கிழமையிலேர்ந்து மறுபடி உள்ள போறாரு. இனியாவது ராத்திரி தூங்குவாரு. எந்நேரமும் கையக் கழுவிக்கிட்டே இருக்காரு, தோலே உரிஞ்சு போச்சு. சாமி படத்துக்குப் பொட்டு வைக்கச் சொன்னா, நீயே வைன்னு வெளியில போயிடுறாரு."

எனக்கும் சந்தோஷம். சார்ஜ்மேன் நாற்காலி எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பயந்தவனுக்குத் துடைக்கிற வேலைதான் லாயக்கு. அந்தத் திங்கட்கிழமை இருவரும் ஒன்றாகவே போய், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ மாற்றினோம். அங்கி போட்டோம். தொப்பி போட்டோம். அண்ணன் க்ளௌஸை மாட்டினார். கழற்றினார். குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். துடைத்துவிட்டு வந்து மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"வேர்க்குது தம்பி. வேர்வையும் உப்புதானே?"

"அதுக்குத்தானேண்ணே க்ளௌஸ்."

"க்ளௌஸ் அன்னிக்கும்தான் போட்டிருந்தேன்."

பிறந்ததிலிருந்து பயந்தே வளர்ந்தவன் நான். பயத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகியிருந்தேன். அவருக்கு அது புதிது. அந்த வயசுக்கு மேல் வந்து பிடித்துக்கொண்டது. எப்படிச் சமாளிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் சொல்லித்தரத் தெரியவில்லை.

"நீ போ. பின்னாலயே வரேன்" என்றார்.

உள்ளே போனேன். புதுத் தட்டு வெள்ளையாக நின்றது. மேடம் தலையைத் தூக்கி என் பின்னால் பார்த்தார்.

"மாணிக்கம்?"

"வரேன்னாரு மேடம்."

ஆர்கான் சிலிண்டரைத் திறந்து வைத்தேன். முதல் வாயைத் துடைத்தேன். துணி சுத்தமாக இருந்தது. அவருக்கான வெல்டிங் டார்ச்சைக் கொக்கியிலிருந்து எடுத்து அவர் இடத்தில் வைத்தேன். மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. காத்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"கதவு ரொம்ப நேரமாத் திறந்திருக்கு, ராசு. தூசி வரும்."

வாசலுக்குப் போனேன். அண்ணன் பெஞ்சிலேயே இருந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை. தொப்பிகூடக் கழற்றவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரிந்து நிமிர்ந்தார். கூப்பிட வாய் திறந்தேன். வேண்டாம், சாத்து என்பது போலத் தலையை ஆட்டினார்.

சாத்தினேன்.